மேலிணைப்பு எம்சிஎஸ் தேர்வும் காப்புரிமை ஆய்வும்: ஐரோப்பியக் காப்புரிமைப் பதிவேட்டுச் சேவை குறித்த மதிப்புரை

கைபேசியிலிருந்து அடிநிலையத்துக்குத் தரவு செல்லும் மேலிணைப்பில் எந்தப் பண்பேற்றத்தையும் (அலையில் பிட்டுகளை ஏற்றும் முறை) எந்தக் குறியீட்டு வீதத்தையும் (அனுப்பும் பிட்டுகளில் உண்மையான தரவின் பங்கு) கையாள்வது என்று தீர்மானிக்கும் முறைகள், சுருக்கமாக எம்சிஎஸ் தேர்வு முறைகள், உலகெங்கும் காப்புரிமை விண்ணப்பங்கள் மிக நெருக்கமாகக் குவிந்து கிடக்கும் துறைகளுள் ஒன்று. அத்துறையில் ஒரு விண்ணப்பம் எப்படி ஆய்வு செய்யப்படுகிறது, எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது, எந்தத் திருத்தத்துக்குப் பிறகு ஏற்கப்படுகிறது என்பதைக் கட்டணமின்றி ஆவணம் ஆவணமாகக் காட்டும் சேவை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவேடு. அதன் இணைச் சேவையான எஸ்பாஸ்நெட் என்னும் தேடுதளத்தைப் பலரும் அறிவார்கள். பதிவேட்டுக்குள் நுழைந்து கோப்பைப் படிப்பவர்கள் குறைவு. தொலைத்தொடர்புப் பொறியாளர்களும் காப்புரிமை முகவர்களும் எஸ்பாஸ்நெட்டோடு நின்றுவிடாமல் பதிவேட்டையும் கைவசப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இம்மதிப்புரையின் பரிந்துரை.

சேவையின் அருமை விளங்கச் சற்று தொழில்நுட்பம் பேச வேண்டும். எல்டிஇ என்னும் நான்காம் தலைமுறைக் கைபேசித் தொழில்நுட்பத்தின் மேலிணைப்பில் எம்சிஎஸ் எண் ஐந்து பிட்டுகளால் ஆனது. 0 முதல் 28 வரையுள்ள எண்கள் பண்பேற்றத்தையும் தரவுத் தொகுதியின் அளவையும் சுட்டுகின்றன. 29, 30, 31 ஆகிய மூன்றும் மறுபரிமாற்றத்தின் மிகைமைப் பதிப்பை, அதாவது மறுமுறை அனுப்பும்போது குறியீடாக்கிய பிட்டுகளுள் எவற்றை அனுப்புவது என்பதைச் சுட்ட ஒதுக்கப்பட்டவை. முடிவெடுப்பது அடிநிலையம். கைபேசி அனுப்பும் குறிப்புச் சமிக்ஞைகளை அளந்தும், கைபேசியிடம் இன்னும் எவ்வளவு திறன் மீதம் உள்ளது என்ற அறிக்கையைப் பார்த்தும், முந்தைய தொகுதிகள் பிழையின்றி வந்தனவா என்று கணக்கிட்டும் அது எண்ணைத் தேர்ந்து, இறங்கிணைப்பில், அதாவது அடிநிலையத்திலிருந்து கைபேசிக்கு வரும் இணைப்பில், கட்டுப்பாட்டுச் செய்தியாக அனுப்புகிறது. முதல் பரிமாற்றத்தில் பத்து விழுக்காடு தொகுதிப் பிழையை இலக்காக வைப்பது பரவலான வழக்கம். அந்த இலக்கில் நிலைகொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு தோல்விக்கும் இணைப்புத் தர மதிப்பீட்டைக் குறைக்கும் அளவு, ஒவ்வொரு வெற்றிக்கும் கூட்டும் அளவைப்போல் ஒன்பது மடங்காக இருக்க வேண்டும். இவ்வளவும் துறையில் ஊறிய அறிவு. ஆகவே இதற்குமேல் ஒருவர் கோரும் எதுவும், அட்டவணையில் ஒரு வரிசை மாற்றமோ, அறிக்கையில் ஒரு புதிய புலமோ, வாசலளவைச் சரிசெய்யும் ஒரு நிபந்தனையோ, மிக மெல்லிய வேறுபாடாகவே இருக்கும். அந்த மெல்லிய வேறுபாட்டுக்கு இருபதாண்டு உரிமை தகுமா என்பதை எடைபோடுவதே ஆய்வாளரின் வேலை. அந்த எடைபோடலைப் பதிவேடு நம் கண்முன் வைக்கிறது.

தேடலிலிருந்து தொடங்குவோம். எஸ்பாஸ்நெட் 1998இல் தொடங்கப்பட்ட சேவை. இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொண்டது. இத்துறைக்குச் சொல்லை நம்பித் தேடுவது பயன் தராது. மூன்றாம் தலைமுறையில் இதே செயல் போக்குவரத்து வடிவத் தேர்வு என்று எழுதப்பட்டது. வேறு சிலர் இணைப்புத் தகவமைப்பு என்றனர். இன்னும் சிலர் வீதக் கட்டுப்பாடு என்றனர். கூட்டுறவுக் காப்புரிமை வகைப்பாட்டின் குறியீடுகளைப் பிடித்துக்கொண்டு தேடுவதே சரியான வழி. பண்பேற்ற முறைகளுக்கிடையே மாறுவதற்கு ஹெச்04எல் 1/0003, தடக் குறியீட்டைத் தகவமைப்பதற்கு ஹெச்04எல் 1/0009, தட நிலையைத் தெரிவிப்பதற்கு ஹெச்04எல் 1/0026, மீதத் திறன் அறிக்கைக்கு ஹெச்04டபிள்யூ 52/365 என்று குறியீடுகளை இணைத்துத் தேடினால் முடிவுகளின் தரம் சட்டென உயர்கிறது. தேடுதளத்தின் வினா அமைப்பான் இதற்கு நன்கு உதவுகிறது. சீன, ஜப்பானிய, கொரிய மொழி ஆவணங்களுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு உடனுக்குடன் கிடைக்கிறது. ஆனால் எம்சிஎஸ் கண்டுபிடிப்பின் உயிர் பெரும்பாலும் ஓர் அட்டவணையிலோ சமன்பாட்டிலோ இருக்கிறது. அவை படமாக ஏற்றப்பட்டிருக்கும் ஆவணங்களில் எந்தச் சொல் தேடலும் அவற்றைத் தொடாது. அப்படிப்பட்ட ஆவணங்களைக் கண்ணால் புரட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தேடலில் கிடைத்த ஆவணத்திலிருந்து ஒரே சொடுக்கில் பதிவேட்டுக்குச் செல்லலாம். அங்கே சட்ட நிலை, நிகழ்வு வரலாறு, மேற்கோள்கள், குடும்பம் (ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் உள்ள விண்ணப்பங்கள்) என்று பல பக்கங்கள் உண்டு. நேரம் குறைவாக உள்ளவர் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு அனைத்து ஆவணங்கள் என்ற பக்கத்துக்கே நேரே போகலாம். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, அதாவது முன்னுரிமைத் தேதியிலிருந்து (அக்கண்டுபிடிப்புக்கான முதல் விண்ணப்பத்தின் தேதி) வழக்கமாகப் பதினெட்டு மாதங்கள் கழிந்த பிறகு, தேடல் அறிக்கை முதல் வழங்கும் முடிவு வரை ஏறக்குறைய எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. தேடல் அறிக்கையில் எக்ஸ் என்று குறிக்கப்பட்ட ஆவணம் தனித்தே கோரலை, அதாவது உரிமை கேட்கும் எல்லையை வரையறுக்கும் வாசகத்தை, வீழ்த்தக்கூடியது. ஒய் என்பது இன்னொன்றோடு சேர்ந்தால் வீழ்த்தக்கூடியது. ஏ என்பது பின்னணி மட்டுமே. எம்சிஎஸ் கோப்புகளைப் படிப்பவர் ஒய் ஆவணங்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏனென்றால் இத்துறையில் மிகக் கடினமான சண்டை புதுமையைப் பற்றியதன்று, கண்டுபிடிப்பு நிலையைப் பற்றியது, அதாவது துறைவல்லுநருக்கு அது எளிதில் தோன்றியிருக்குமா என்பதைப் பற்றியது.

அச்சண்டை நடக்கும் முறை ஒழுங்கானது. மிக நெருங்கிய முன்னறிவு (விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவெளியில் இருந்த தகவல்) எது, கோரல் அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது, அவ்வேறுபாட்டால் விளையும் தொழில்நுட்பப் பயன் என்ன, அப்பயனிலிருந்து வகுக்கப்படும் சிக்கல் எது, அச்சிக்கலை எதிர்கொண்ட துறைவல்லுநர் இத்தீர்வை அடைந்திருக்கக்கூடும் என்பதோடு நில்லாமல் உண்மையில் அடைந்திருப்பாரா என்று ஆய்வாளர் படிப்படியாக எழுதுகிறார். உதாரணமாக, மீதத் திறன் குறைவாக இருக்கும்போது அடிநிலையம் தாழ்ந்த எம்சிஎஸ் எண்ணைத் தேர்கிறது என்று மட்டும் ஒரு கோரல் சொன்னால், அது பொறியியல் நடைமுறை என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும். அதே கோரல், ஒதுக்கப்பட்ட மூன்று எண்களுள் ஒன்றை ஒரு குறிப்பிட்ட வளத்தொகுதி (கைபேசிக்கு ஒதுக்கப்படும் அலைவரிசைத் துண்டு) எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்கும்போது வேறொரு பொருளைச் சுட்டச் செய்து, அதனால் கட்டுப்பாட்டுச் செய்தியில் புதிய பிட் எதுவும் சேர்க்கத் தேவையில்லை என்று காட்டினால், வாதம் முற்றிலும் வேறு தளத்துக்கு நகர்கிறது. இந்த உத்தி கற்பனையன்று. எல்டிஇயின் எட்டாம் வெளியீட்டிலேயே எண் 29ஐயும் தட நிலை வினவல் பிட்டையும் நான்குக்கு மிகாத வளத்தொகுதிகளையும் சேர்த்து, தரவின்றித் தட நிலை அறிக்கை மட்டும் அனுப்பச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. ஒரு பிட்டைச் சேமிப்பது தொழில்நுட்பப் பயன்தான் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

பதிவேட்டில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, தேதிகளைப் பற்றிய வாதங்கள். கைபேசித் தொழில்நுட்பத் தர நெறிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டங்களுக்கு நிறுவனங்கள் அளிக்கும் முன்மொழிவுகள் பொதுமக்கள் அணுகக்கூடிய வழங்கியில் கூட்டத்துக்கு முன்பே ஏற்றப்படுகின்றன; ஏற்றப்பட்டதுமே அவை முன்னறிவாகின்றன. ஐரோப்பாவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டாலும் மன்னிப்புக் காலம், அதாவது அவ்வெளியீட்டைக் கணக்கில் எடுக்காமல் விடும் அவகாசம், கிடையாது. பிறர் செய்த வெளிப்படையான துரோகம், அங்கீகரிக்கப்பட்ட சில கண்காட்சிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே ஆறு மாத விலக்கு உண்டு. எனவே முன்னுரிமைக் கோரிக்கை ஏதேனும் ஒரு காரணத்தால் செல்லாமல் போனால், விண்ணப்பதாரர் தாமே 3ஜிபிபியில் வைத்த முன்மொழிவு அவருக்கு எதிரான எக்ஸ் ஆவணமாகிவிடும். முதல் விண்ணப்பத்தில் இறங்கிணைப்பை மட்டும் விளக்கிவிட்டு, ஓராண்டு கழித்து மேலிணைப்பைச் சேர்த்துக் கோருவோருக்கு நேரும் ஆபத்து இதுவே. விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் இதைப் பாடநூலில் படிப்பதைக் காட்டிலும், ஒரு கோப்பில் மனுவும் மறுமொழியுமாகப் படித்தால் ஆழமாகப் பதியும்.

திருத்தங்களின் நிலையும் அப்படியே. மூல விண்ணப்பத்திலிருந்து நேரடியாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் பெற முடியாத எதையும் சேர்க்கக் கூடாது என்பது ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 123ஆம் பிரிவு. ஒரு குறிப்பிட்ட அட்டவணையோடும் ஒரு குறிப்பிட்ட கட்டுப்பாட்டுச் செய்தி வடிவத்தோடும் பிணைத்து விளக்கப்பட்ட அம்சத்தை, அப்பிணைப்புகளை உதறிவிட்டுப் பொதுவான கோரலுக்குள் கொண்டுவந்தால் ஆய்வாளர் உடனே தடுப்பார். எம்சிஎஸ் விண்ணப்பங்களில் இத்தடை அடிக்கடி எழக் காரணம், விளக்கம் எழுதியவர் தர நெறி ஆவணத்தின் மொழியிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுவதுதான். ஒவ்வொரு அம்சமும் எதனோடு கட்டாயம் சேர வேண்டும், எதனோடு சேராமலும் இயங்கும் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்தால் பின்னால் கைகொடுக்கும். அப்படி எழுதப்பட்ட விண்ணப்பத்துக்கும் எழுதப்படாததற்கும் உள்ள வேறுபாடு கோப்பின் நீளத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இயந்திரக் கற்றலால் எம்சிஎஸ் எண்ணைத் தேரும் விண்ணப்பங்களுக்கும் கோப்புகள் நல்ல வழிகாட்டி. கணித முறை என்ற அளவில் காப்புரிமை இல்லை. ஆனால் நம்பகமான பரிமாற்றத்துக்காகத் தரவைக் குறியீடாக்குவது தொழில்நுட்ப நோக்கம் என்று அலுவலகத்தின் வழிகாட்டு நெறிகளே ஏற்கின்றன. ஆகவே கோரல் வானொலி இணைப்போடு பிணைந்திருக்கும்வரை விலக்கு பெரிய தடையாவதில்லை.

ஒரே கண்டுபிடிப்பு அமெரிக்கா, சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் எப்படி ஆய்வானது என்பதையும் உலகக் கோப்பு வசதி வழியாக இங்கிருந்தே திறக்கலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரின் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு மன்னிப்புக் காலம் உண்டு என்பதால், ஐரோப்பாவில் வீழ்ந்த கோரல் அங்கே நிற்பதைக் காணலாம். இந்த ஒப்பீட்டை ஒரே இடத்தில் தருவது இச்சேவையின் பெரும் பலம்.

குறைகளும் உண்டு. இடைமுகமும் நடவடிக்கைகளும் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே. ஜெர்மன் மொழியில் நடந்த கோப்பை அம்மொழி அறியாதவர் மொழிபெயர்ப்புக் கருவியோடுதான் படிக்க வேண்டும். ஆவணப் பட்டியலில் ஒவ்வொன்றின் பெயரும் சட்டச் சொற்களால் ஆனது. புதியவருக்கு எது முக்கியம் என்று பட்டியல் சொல்லாது. அவர்கள் தேடல் அறிக்கை, 94ஆம் பிரிவின் கீழான கடிதம், அதற்கான மறுமொழி, 71ஆம் விதியின் கீழான வழங்கும் நோக்க அறிவிப்பு என்ற நான்கை மட்டும் முதலில் திறந்தால் போதும். மேற்கோள் காட்டப்பட்ட 3ஜிபிபி ஆவணங்களை அவற்றின் எண்ணைக் கொண்டு 3ஜிபிபி தளத்தில் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பதோடு நிற்காமல் பங்கேற்கவும் இச்சேவை இடமளிக்கிறது. நிலுவையில் உள்ள விண்ணப்பம் ஒன்றின் மேலிணைப்புத் தேர்வு முறை ஏற்கெனவே அறியப்பட்டது என்று காட்டும் ஆவணம் உங்களிடம் இருந்தால், 115ஆம் பிரிவின் கீழ் மூன்றாம் தரப்பின் கருத்துரையாக அதைக் கட்டணமின்றி, விரும்பினால் பெயர் சொல்லாமலும் தாக்கல் செய்யலாம். கருத்துரை அந்த மூன்று அலுவல் மொழிகளுள் ஒன்றில், காரணங்களோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். தாக்கல் செய்தவர் நடவடிக்கையின் தரப்பினராக மாட்டார். ஆனால் கருத்துரை கோப்பில் சேர்ந்து, விண்ணப்பதாரருக்கும் அனுப்பப்படும். பதிவேட்டின் மின்னஞ்சல் அறிவிப்பு வசதியில் அவ்விண்ணப்ப எண்ணைச் சேர்த்துவிட்டால், ஆய்வாளரின் அடுத்த கடிதம் கோப்பில் ஏறியதும் செய்தி வந்துவிடும்.