ரீஃபர் கன்டெய்னர் சேவை: பெட்டிக்கு ஒன்பது, கரைக்கு ஐந்து

உறைந்த இறாலும் மீனும் கடல்வழியாக அனுப்புவதுதான் என் பிழைப்பு. சீசனில் கொஞ்சம் பழமும் போகும். பல வருடமாக ஃபார்வர்டர் (கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தரும் முகவர்) மூலம் ரீஃபர் என்ற குளிர்சாதனக் கன்டெய்னர் எடுத்துத்தான் அனுப்புகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இரண்டு மூன்று பேரிடம் மாற்றிப் பார்த்துவிட்டேன், பெட்டி எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் ஆட்களிடம். அதனால் மதிப்பெண்ணைப் பிரித்தே போடுகிறேன்: பெட்டிக்குப் பத்துக்கு ஒன்பது, கரையில் நடக்கிற வேலைக்கு ஐந்து.

முதலில் பெட்டி. புதிதாக இறங்குகிற பலர் ரீஃபரை ஒரு ராட்சத ஃப்ரீசர் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். சரக்கை உறைய வைப்பது அதன் வேலையே இல்லை. உறைந்து வந்ததை அதே குளிரில் காப்பாற்றிக்கொண்டு போவதுதான் வேலை. மைனஸ் 18-ல் இறுகிய சரக்கை ஏற்றினால் மைனஸ் 18-லேயே இறங்கும். கோல்டு ஸ்டோரேஜில் அவசரப்பட்டு மைனஸ் 10-ல் வெளியே எடுத்ததை ஏற்றிவிட்டு, வழியில் சரியாகிவிடும் என்று நம்பினால், அட்டைப்பெட்டி அடுக்கின் நடுப்பகுதி குளிர்வதற்குப் பல நாள் ஆகும். அந்தக் குறையைக் கப்பல் கம்பெனி தலையில் கட்டவும் முடியாது.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியது காற்றுதான். குளிர்காற்று தரையில் நீளவாக்கில் ஓடும் அலுமினியக் கால்வாய்கள் வழியாகக் கதவுவரை வந்து, மேலே ஏறி, கூரையை ஒட்டித் திரும்பப் போகும். அதனால்தான் உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு அட்டைப்பெட்டி ஏறினாலும் திரும்பும் வழி அடைபடும். உறைந்த சரக்கை இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கலாம், காற்று சுற்றி ஓடினால் போதும். பழம் அப்படியில்லை. அது மூச்சு விடும், வெப்பம் விடும், காற்று பெட்டிகளுக்கு உள்ளேயே புகுந்து வரவேண்டும். அட்டைப்பெட்டித் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்காராவிட்டால் நடு அடுக்கு பழுக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, கதவு திறந்திருக்கும்போது மெஷினை ஓடவிடக் கூடாது. குளிரூட்டிய ஏற்றுதளத்தோடு ஒட்டி நிற்கிற கன்டெய்னர் என்றால் வேறு கதை. திறந்தவெளியில் ஏற்றினால் ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்சுருளில் பனியாகப் படியும், கதவைச் சாத்தியதும் மெஷின் சரக்கைக் கவனிப்பதை விட்டுவிட்டு அந்தப் பனியை உருக்கிக்கொண்டிருக்கும். எங்கள் ஃபார்வர்டர் அனுப்பும் டிரைவருக்கு இது தெரியும். சொல்வதற்கு முன்பே சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். இந்த ஆளுக்காகவே தனியாக ஒரு மதிப்பெண் தரலாம்.

காற்றோட்டத் தலைவலி இன்று வந்ததல்ல. 1882-ல் டனிடின் என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த ஆட்டிறைச்சி கொண்டுபோனது. வெப்பமண்டலக் கடலில் சரக்கறைக்குள் காற்று சரியாகச் சுற்றவில்லை. கேப்டனே காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கூடுதல் துளைகள் வெட்டினார். அங்கேயே விறைத்துப்போனவரைக் கயிறு கட்டி இழுத்து எடுத்தார்களாம். 98 நாள் கழித்து, ஏறக்குறைய 5,000 உடல்களில் ஒன்றே ஒன்றுதான் கெட்டுப்போயிருந்தது. இப்போது அந்த வேலையை ஒரு விசிறி செய்கிறது. கடலில் கப்பல் ஓடுகிறவரை பிளக் மாட்டியிருக்கும், ஆள் வந்து பார்ப்பான், என் சரக்கு ஒருமுறைகூட நடுக்கடலில் கெட்டதில்லை.

சரி, கரைக்கு வருவோம்.

புக்கிங்கில் எல்லாருக்கும் பயம் தருவது அந்த ஒரு சின்னக் கோடு. மைனஸ் 18 என்பது எங்கேயாவது பிளஸ் 18 ஆகப் பதிவானால் கதை முடிந்தது, மெஷினும் சொன்னபடி சமர்த்தாகப் பிளஸ் 18-லேயே வைத்திருக்கும். நான் இப்போது பயன்படுத்தும் ஃபார்வர்டர் வெப்பநிலையை எழுத்தாலும் எழுதி, வென்ட் (வெளிக்காற்று உள்ளே வரும் திறப்பு) மூடியதா திறந்ததா என்பதையும் சேர்த்து மெயிலில் உறுதி கேட்கிறார். உறைந்த சரக்குக்கு வென்ட் மூடியிருக்க வேண்டும். பழத்துக்கு மணிக்கு இத்தனை கனமீட்டர் என்று திறப்பு சொல்ல வேண்டும். பி.டி.ஐ. எனப்படும் புறப்பாட்டுக்கு முந்தைய சோதனைச் சான்றும் கேட்காமலே வருகிறது. இதுவரை நல்லதுதான்.

சண்டை வந்தது டிரான்ஷிப்மென்ட் துறைமுகத்தில், அதாவது வழியில் பெட்டியைக் கப்பல் மாற்றுகிற இடத்தில். ஒரு கன்டெய்னரில் கதவோரம் கடைசி வரிசையில் நாங்கள் வைத்த சொந்த டேட்டா லாகரை (வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சின்னக் கருவி) இறக்குமதியாளர் எடுத்துக் கணினியில் போட்டு வரைபடத்தை அனுப்பினார். மைனஸ் 18-ஐ ஒட்டித் தட்டையாகப் போகிற கோடு, வழியில் ஒரே இடத்தில் மேடாக எழும்பி, மைனஸ் 14-ஐத் தொட்டு, அடுத்த நாள்தான் பழைய மட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஃபார்வர்டர் உடனே “அது டிஃப்ராஸ்ட் சார்” என்றார். டிஃப்ராஸ்ட், அதாவது முன்பு சொன்ன பனி உருக்கும் வேலை, அப்படி இருக்காது. அது மெஷினின் சொந்தப் பதிவில், திரும்பும் காற்றின் கோட்டில், குட்டிக் குட்டி முள்ளாகத் தெரியும். கதவோரத்து லாகருக்கு அது எட்டுவதே அபூர்வம். அகலமான ஒற்றை மேடு என்றால் மின்சாரம் இல்லை என்று அர்த்தம். கப்பலிலிருந்து இறக்கிய பெட்டியைப் பிளக்கில் மாட்டாமல் பல மணிநேரம் யார்டில் போட்டுவைத்திருக்கிறார்கள். மெஷினின் பதிவைக் கேட்டேன். வாரக்கணக்காக இழுத்தடித்து, பிறகு கொடுத்தார்கள். அதே நேரத்துக்கு மட்டும் அதிலும் பதிவு விட்டுப்போயிருந்தது. சரக்கு தப்பித்தது, கதவோரப் பெட்டிகளில் மட்டும் பனி பூத்திருந்தது.

இதில் காப்பீடு கைகொடுக்கும் என்று நினைக்காதீர்கள். உறைந்த உணவுக்கான பாலிசிகளில் பரவலாக இருக்கும் விதி, குளிர்சாதனம் பழுதாகித் தொடர்ந்து 24 மணிநேரமாவது நின்றால்தான் இழப்பீடு என்பது. பிளக் மாட்ட மறந்தது பழுதில் சேருமா என்று கேட்டால் ஏஜென்ட் பேச்சை மாற்றுகிறார். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

2023-லிருந்து சில பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, உறைந்த உணவை மைனஸ் 18-க்குப் பதில் மைனஸ் 15-ல் கொண்டுபோகலாம், மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லிவருகின்றன. கடலில் நடப்பதை மட்டும் பார்த்தால் நியாயம்தான். யார்டில் நடப்பதைப் பார்த்த பிறகு அந்த 3 டிகிரியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பில் விஷயம் சுருக்கமாக. ரீஃபரைத் துறைமுகத்தில் கட்டணமில்லாமல் வைத்திருக்கும் இலவச நாட்கள் சாதாரணக் கன்டெய்னரைவிடக் குறைவு. அது முடிந்ததும் டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஒரு பக்கம் ஏறும், துறைமுகத்தில் மின்இணைப்புக்கான பிளக்-இன் கட்டணம் இன்னொரு பக்கம் ஏறும். கொட்டேஷனில் பிளக்-இன் கட்டணம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டணம் இல்லை என்று அர்த்தமில்லை, பிறகு தனியாக வரும்.

பழத்துக்கு இந்தச் சேவையை நான் அரைமனதாகத்தான் சொல்வேன். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், மேலே போனால் பழுக்கும், தாமதத்தை மன்னிக்காது. டிரான்ஷிப்மென்ட் இல்லாத நேரடிக் கப்பல் கிடைத்தால் மட்டும் அனுப்புகிறேன்.

முழுக் கன்டெய்னர் நிறைய உறைந்த சரக்கு இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம், சொந்த லாகர் ஒன்றைக் கதவோரம் வைத்து. நாலைந்து பேலட் மட்டும் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் பங்கு ரீஃபர் எல்லா வழித்தடத்திலும் கிடைக்காது. கிடைத்தாலும் பெட்டி முழுவதற்கும் ஒரே செட் பாயின்ட்தான் (மெஷினில் வைக்கும் வெப்பநிலை), மற்றவர் சரக்கு வந்து சேரும்வரை உங்கள் சரக்கு கோல்டு ஸ்டோரேஜில் வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்கும்.