செவ்ரோலே பிக்கப் பார்ட்ஸ் கேட்டலாக் மறுபதிப்பு: வண்டியின் ஆண்டு தெரிந்தால்தான் பயன்

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவ்ரோலேயின் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசை பிக்கப்பைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் முதலில் தேடுவது நிறுவனத்தின் பழைய பார்ட்ஸ் கேட்டலாக்கின் மறுபதிப்பைத்தான். வாங்கலாம். ஆனால் கையில் இருக்கும் துருப்பிடித்த சாமான் எதனுடையது என்று அது சொல்லாது. ஆண்டையும் மாடலையும் நாம் சொன்னால்தான் பார்ட் நம்பர் கிடைக்கும்.

குழப்பம் எண்ணிலேயே ஆரம்பிக்கிறது. எஞ்சின் பிளாக்கிலும் ஹெட்டிலும் புடைத்து நிற்பது காஸ்டிங் நம்பர் (வார்ப்பு எண்); கேட்டலாக்கில் அச்சாகியிருப்பது பார்ட் நம்பர். இரண்டும் வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தேடினால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். அதைவிடக் காஸ்டிங் தேதியைத் துருவைச் சுரண்டிப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு எழுத்து, அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம். 'சி 14 4' என்றால் மார்ச் 14. ஆண்டு 1944-ஆ, 1954-ஆ? அதை எஞ்சினின் உருவத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வண்டிகளில் வருவது 216, 235 என்ற (கன அங்குல அளவால் பெயர் பெற்ற) இரண்டு ஆறு சிலிண்டர் எஞ்சின்கள். 216-இல் பக்கவாட்டு புஷ்ராட் கவர் உயரமானது. ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றி ஹெட் வரை ஏறும். வால்வ் கவரை மேலே நடுவில் இரண்டு போல்ட் பிடித்திருக்கும். 1954 முதல் வந்த 235-இல் பக்கக் கவர் பிளாக்கோடு நின்றுவிடும். வால்வ் கவரின் ஓரத்தில் நான்கு ஸ்க்ரூ. ஹெட் கழற்றியிருந்தால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளந்துவிடுங்கள்: 216-க்கு 88.9 மி.மீ., 235-க்கு 90.5 மி.மீ. ரீபோர் செய்த (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய) பிளாக்கில் இந்த 1.6 மி.மீ. வித்தியாசத்தை நம்ப முடியாது; அங்கே ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) சாட்சி, 216-க்கு 95.25, 235-க்கு 100 மி.மீ. அடையாளம் தவறினால் பேரிங் செட்டே மாறிப்போகும். 216-க்கு உருக்கி ஊற்றிய பாபிட் (மென்மையான உலோகக் கலவை), 1954 235-க்கு கழற்றி மாட்டும் ஷெல்.

பாடியில் இவ்வளவு சிரமமில்லை. இரட்டை முன்கண்ணாடி 1953 வரை, ஒற்றைக் கண்ணாடியும் புது கிரில்லும் 1954-இல். டோரில் சிறு வென்ட் கண்ணாடி 1951 முதல், அழுத்தும் பொத்தான் கைப்பிடி 1952 முதல். ஆனால் டோரை மட்டும் வைத்து வண்டியின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். எழுபது வருஷத்தில் டோர் எத்தனை வண்டி மாறியதோ! பிரேக்கும் பார்க்க வேண்டும்: 1950 வரை ஹக் வகை, 1951 முதல் பெண்டிக்ஸ் வகை. ஷூவும் வீல் சிலிண்டரும் இதற்கு அதற்குப் பொருந்தாது.

இவ்வளவும் தெளிவான பிறகு கேட்டலாக் தன் மதிப்பைக் காட்டும். ஒரே பார்ட் நம்பர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை ஓடுகிறது என்று பார்த்தால், வேறு வண்டியிலிருந்து எதைக் கழற்றி மாட்டலாம் என்பது தெரிந்துவிடும். பிரித்துக் காட்டும் படங்களில் வாஷர், கிளிப் வரிசையும் உண்டு. மங்கலான ஸ்கேனிலிருந்து அடித்த பிரதியில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது; ஒரு படப் பக்கத்தையாவது பார்த்துவிட்டு வாங்குங்கள். பதிப்பு உங்கள் வண்டியின் ஆண்டுக்குச் சற்றுப் பிந்தியதாக இருப்பது நல்லது. மிகவும் பிந்திய பதிப்பில் நின்றுபோன பாகங்களை நீக்கியிருப்பார்கள்.

எந்த எஞ்சின் எதனுடன் கலந்திருக்கிறது என்பதைக் கேட்டலாக் கண்டுபிடிக்காது. உதாரணமாக, ஸ்டார்ட்டர் பல் பிடித்துச் சுழற்றும் ஃப்ளைவீலையே பாருங்கள்: 6 வோல்ட் மின்னமைப்பின் ஃப்ளைவீலுக்கு 139 பல், 12 வோல்ட்டுக்கு 168. ஸ்டார்ட்டர் வாங்கும் முன் பல்லை எண்ணிவிடுங்கள்.