6,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், ஃபேட் டயர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் முழுசாகத் தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது இரும்பு ஃபிரேம், 26க்கு 4 இன்ச் டயர், கியர் கிடையாது. வேளச்சேரியிலிருந்து தரமணிக்குத் தினமும் வேலைக்குப் போகிற வண்டி. மிதிக்கக் கனம், முட்டி வலி, அவ்வளவுதான் குறை. கண்ணாடிக் கதவெல்லாம் போட்ட ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன்.

ஓனர் என்னைச் சீட்டில் உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார். "பெடல் அடியில இருக்கும்போது கால் நேரா நீளணும் சார், உங்களுக்கு மடங்கியே இருக்கு, முட்டி வலிக்காம என்ன செய்யும்?" சரியான பேச்சு, அதில்தான் விழுந்தேன். சீட்டைத் தாங்கும் குழாய்க்கு (சீட் பில்லர்) நீளமானது, பின்சக்கரத்தில் செயின் ஓடும் 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் மிதிக்க லேசான 22 பல், பெடல் அச்சுக்கு பால்ஸை உள்ளேயே மூடி வரும் சீல்டு பேரிங், எல்லாம் சேர்த்து 6,800. பில் கூடக் கேட்காமல் அங்கேயே மொத்தத்தையும் அனுப்பினேன்.

மூன்றாம் நாளே சீட் தானாக இறங்கியது, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் இடுப்பில் இடி. போய்க் கேட்டால் "புது பார்ட்ஸ் சார், செட் ஆகணும்". அடுத்த வாரம் "வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கான்". அப்புறம் போனையே எடுப்பதில்லை.

நேற்று தெருமுனைப் பஞ்சர் கடைப் பெரியவர் கழற்றிப் பார்த்தார். பில்லர் ஃபிரேமைவிடச் சின்ன சைஸ், கூல்டிரிங்க்ஸ் டப்பாத் தகரத்தை வெட்டிச் சுற்றிச் சொருகியிருக்கிறார்கள். பெடல் அச்சில் அதே பழைய பால்ஸ், மேலே புது கிரீஸ். ஃப்ரீவீல் பல்லை எண்ணினோம், 18! டீசலில் கழுவிப் பளபளப்பாக்கி என் பழையதையே மாட்டியிருக்கிறார்கள். 6,800 ரூபாய்க்கு கிரீஸும் தகரமும். டயரில் வேறு 40 பி.எஸ்.ஐ. காற்று, டயர் ஓரத்தில் அதிகபட்சம் 30 என்று அச்சடித்திருக்கிறது. பெரியவர் 15க்கு இறக்கிவிட்டார், பாதி இடி அதிலேயே போய்விட்டது, அதற்குக் காசும் வாங்கவில்லை.

எப்படிச் சரியாகச் செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கழற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். பல்லைக் கடையிலேயே எண்ணுங்கள். சீட் பில்லரில் போட்டிருக்கும் கோடு ஃபிரேமுக்கு வெளியே தெரிந்தால் ஓட்டாதீர்கள், உடைந்தால் ஆளைக் குத்திவிடும். முழுப் பணத்தை முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் அனுப்பிய மெசேஜையும் அந்தத் தகரத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை கடை திறக்கும்போதே அங்கே போய் நிற்கப்போகிறேன்.