இரண்டு கார்டு கேமராவோடு பத்து வருடம்

2015 தை மாதம், ஒரு கல்யாண ஆர்டரின் அட்வான்ஸோடு வீட்டு நகையையும் அடகு வைத்து நிக்கான் டி750 வாங்கினேன். மாடல் வந்தது 2014 செப்டம்பரில். பத்து வருடத்தில் கல்யாணம், காதுகுத்து, திருப்பூர் பனியன் கம்பெனி கேட்லாக், வெள்ளோடு பறவைகள் சரணாலயத்து நாரை எல்லாம் இதே பாடியில்தான். ஷட்டரை ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. பிடி ரப்பர் உப்பி, பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். அதனால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எல்லாரும் கேட்பது 2.4 கோடி பிக்சல், ஃபுல் ஃபிரேம் சமாச்சாரம். நான் வாங்கியது எஸ்டி கார்டு இரண்டு போடலாம் என்பதற்காக.

அதற்குக் காரணம் 2013-இல் காங்கேயம் பக்கம் எடுத்த ஒரு கல்யாணம். அப்போது என்னிடம் இருந்த கேமராவில் ஒரே கார்டுதான். நம் கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தைத் தாலி கட்டும் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துவிட்டு வர முடியாது. முதல் நாளே சீர் என்கிற சடங்குகள் ஆரம்பித்துவிடும். சடங்கை நடத்தும் பெரியவரான அருமைக்காரர் ஒவ்வொரு சீராகச் செய்து முடிக்க நடுராத்திரி தாண்டும். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டும் உருமால் கட்டு, மாப்பிள்ளையும் அவர் சகோதரியும் சேர்ந்து நிற்கும் இணைச்சீர் என்று வரிசை தெரியாத போட்டோகிராபர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு சீர் முடிந்திருக்கும். எனக்கு வரிசை தெரியும், எல்லாம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் பாதி ஃபைல் திறக்கவில்லை. மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் இரண்டு ஓட்டிப் பார்த்தும் உருமால் கட்டு மட்டும் சுத்தமாக இல்லை.

மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "சரி விடு தம்பி, இன்னொருக்கா கட்டிக்கலாம்" என்றார். அருமைக்காரரைக் கூப்பிட்டதற்கு அவர் வர மறுத்துவிட்டார். "போட்டோவுக்கெல்லாம் உருமால் கட்டறதில்லைங்க. சீர்ன்னா ஒரு தடவைதான்." கடைசியில் பெரியப்பா ஒருவர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கமறும். ராத்திரிச் சீர், ஆனால் மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் ஜன்னலில் பதினோரு மணி வெயில்.

டி750-இல் இரண்டாவது கார்டை பேக்கப்பில் வைத்துவிட்டால் ஒவ்வொரு படமும் இரண்டிலும் எழுதப்படும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்பி வரும். 2,000 படம் எடுத்தால் 50 ஜிபியைத் தாண்டும், எனவே கார்டுச் செலவும் இரண்டு மடங்கு. பத்து வருடத்தில் இரண்டு தடவை கார்டு கை கொடுக்காமல் போயிருக்கிறது. இரண்டு பார்ட்டிக்கும் அது இன்றுவரை தெரியாது.

அடுத்து சத்தம். மங்கல வாழ்த்து பாடுகிறவர் ராகம் இழுத்து நிறுத்துகிற இடத்தில் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி 'டப்' என்று அடித்தால் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சத்தத்தைக் குறைக்க இதில் க்யூ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. சத்தம் அடங்கிவிடாது, தொண்டையைக் கனைப்பது மாதிரி ஆகிவிடும், அவ்வளவு போதும். விடிகாலை முகூர்த்தத்தில் டியூப் லைட் வெளிச்சத்துக்கு, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400-இல் வைத்தே எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் மணல் மணலாகத் தெரியும். ஆல்பம் பிரிண்டில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

பிடிக்காததும் உண்டு. ஃபோகஸ் புள்ளி 51 இருந்தாலும் எல்லாம் நடுவில் கூட்டமாக நிற்கும். ஓரத்தில் நிற்கும் பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து, அப்புறம் ஃபிரேமை நகர்த்தி எடுப்பதற்குள் அவள் சிரிப்பு முடிந்துவிடும். இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு கேமராவே கண்ணைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறது, பார்த்தால் பொறாமையாக இருக்கும். அப்புறம் கனம். வெறும் பாடி 750 கிராம், லென்ஸும் ஃபிளாஷும் மாட்டினால் இரண்டு கிலோ. என் வலது தோளைக் கேட்டால் தனியாக ஒரு விமர்சனம் எழுதும்.

கோபிசெட்டிபாளையத்தில் என் மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிமில் எடுத்துப் பழகிய கை. ரோலுக்கு 36 படம், அதில் இரண்டு வீணானால் அன்றைக்கெல்லாம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். எண்பதுகளில் அவர் வாங்கிய 50 எம்எம் லென்ஸை என்னிடம் கொடுத்தார். நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்ட் என்ற லென்ஸ் மாட்டும் அமைப்புதான் இதிலும் என்பதால் அப்படியே பொருந்துகிறது. ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். இணைச்சீரில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அந்த லென்ஸைத்தான் மாட்டுகிறேன். அவசரப்படவே விடாது.

தொழில், பொழுதுபோக்கு இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று புதிதாக வரும் பையன்கள் கேட்கிறார்கள். பஞ்சாங்கம் பார்த்துக்கொள்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, அந்தியூர் குருநாதசாமி கோவில் தேர்த்திருவிழாவும் குதிரை, மாட்டுச் சந்தையும் இருக்கின்றன. மார்கழியில் கல்யாணம் இல்லை, வெள்ளோட்டுக்கும் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும் வலசைப் பறவைகள் வந்திருக்கும். வருடத்தில் இந்த இரண்டு மாதம் யாரும் "எங்க அத்தையை எடுத்தீங்களா?" என்று கேட்க மாட்டார்கள். கூழைக்கடா என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காது. அந்தியூரில் லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் மட்டும் காருக்குள் போய் மாற்றுங்கள். மைதானத்தில் மாற்றி, சென்சாரில் ஒட்டிய புழுதியை ஆவணிக் கல்யாணத்தில் மணப்பெண் கன்னத்து மச்சமாகப் பார்த்தவன் நான்.

2020-இல் 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றதும் வந்திருந்த ஆர்டர் பாதி போய்விட்டது. அப்போதுதான் திருப்பூர் வேலை கிடைத்தது. ஆன்லைனில் விற்க டி-ஷர்ட் படம் வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்கு 60 பீஸ், சுலபம் என்று நினைத்துப் போனேன். முதல் நாளே மெர்ச்சண்டைசர் அம்மணி துணியைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்காட்டி, "இது எங்க மெரூன் இல்லைங்களே" என்றார். கூரையில் எல்ஈடி, பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம், நடுவில் என் ஃபிளாஷ், மூன்றும் மூன்று நிறம். ஜன்னலைத் துணி போட்டு அடைத்து, எல்ஈடியை அணைத்து, சாம்பல் அட்டையை வைத்து, நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் எடுத்த பிறகுதான் மெரூன் மெரூனாக வந்தது. இன்றைக்கு என் வருமானத்தில் பாதி இந்த வேலைதான். கல்யாண வீட்டில் சாயங்காலமே ரீல்ஸ் கேட்கிறார்கள், அதை என் உதவியாளர் போனில் எடுத்துவிடுகிறார். ஆல்பத்துக்கு மட்டும் இந்தக் கேமரா.

இப்போது பழசாக டி750 வாங்கலாமா? வாங்கலாம், விலை நன்றாக இறங்கியிருக்கிறது. ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். கம்பெனி சொல்லும் கணக்கு 1,50,000. நான் இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டித்தான் மாற்றினேன், எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கார்டு இரண்டைக் கொண்டுபோய் இரண்டு ஸ்லாட்டிலும் படம் பதிகிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.

என்னுடையதை விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஆடிக்கு அந்தியூர் போக வேண்டும், அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.