நிக்கோட்டின் சுவிங்கமும் கொழும்புத் தேத்தண்ணியும்

சிகரெட்டை விடவென்று பார்மசியில் நிக்கோட்டின் சுவிங்கம் வாங்கி, இரண்டு நாள் சப்பிப் பார்த்துவிட்டு, "இது சரிவராது" என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிடுபவர்கள் கொழும்பில் நிறையப்பேர். கேட்டால் சொல்லும் குறைகளும் ஏறத்தாழ ஒன்றுதான்: தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, நெஞ்செரிவு, ஆசையோ அடங்கவில்லை. இந்த நாலு குறையும் பெரும்பாலும் சாமானால் வருவதில்லை. மெல்லும் விதத்தாலும் கூடவே குடிக்கும் தேத்தண்ணியாலும் வருகின்றன. சரியாகப் பாவித்தால் இது மிக நல்ல மருந்து என்பதே எங்கள் மதிப்பீடு.

சாதாரண சுவிங்கம்போல இதை விடாமல் சப்பக்கூடாது. ஒரு துண்டை வாயில் போட்டு ஆறுதலாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மிளகு கடித்ததுபோல ஒரு காரமோ விறுவிறுப்போ எழும்பும். அந்தக் கணமே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடமளவில் விறுவிறுப்புத் தணியும். தணிந்ததும் மறுபடி சில தரம் மென்று, இம்முறை வாயின் மற்றப் பக்கத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணித்தியாலம். பிறகு எவ்வளவு மென்றாலும் காரம் வராது. கடதாசியில் சுற்றி, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் எறிந்துவிடலாம்.

நிறுத்தி நிறுத்தி மெல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நிக்கோட்டின் இரத்தத்தில் சேர்வது வாயின் உட்தோல் வழியாக. விடாமல் சப்பினால் எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கிவிடும். வயிற்றுக்குப் போனதில் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடும். மிஞ்சுவது விக்கலும் குமட்டலும்தான். முறையாக மென்றால்கூட 2 மில்லிகிராம் துண்டிலிருந்து ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும்.

அடுத்தது தேத்தண்ணி. கொழும்பில் சிகரெட் தனியாக வருவது குறைவு. புறக்கோட்டைக் கடைகளிலும் சரி, வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் சரி, ஒரு பிளேன்ரீயும் ஒரு ஒற்றைச் சிகரெட்டும் சோடி. ஆசை ஏறுவதும் அந்த நேரத்தில்தான். சுவிங்கம் வேலை செய்யாமல் போவதும் அந்த நேரத்தில்தான். நிக்கோட்டின் வாயில் உறிஞ்சப்பட வாய் கொஞ்சம் காரத்தன்மையோடு (மிளகுக் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) இருக்க வேண்டும். அதற்காகவே சுவிங்கத்தில் சோடியம் உப்புகள் சேர்த்திருக்கிறார்கள். தேத்தண்ணி, கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி, பழச்சாறு எல்லாம் அமிலத்தன்மை உள்ளவை. வாயில் பட்டால் அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடும். ஆகவே போடுவதற்கு முன் 15 நிமிடமும், வாயில் இருக்கும் வரையும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். ஆசைக்கு நெல்லிக்காய் கடிப்பவர்களுக்கும் இதே விதிதான்: நெல்லிக்காய் நல்லது, ஆனால் சுவிங்கத்துக்குச் சற்று முன் கூடாது.

சிகரெட்டில் நிக்கோட்டின் சில செக்கன்களில் மூளையை எட்டும். சுவிங்கத்துக்கு 20, 30 நிமிடம் வேண்டும். ஆசை உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் பிந்திவிடும். ஆகவே நாலு மணிக்குத் தேத்தண்ணி என்றால் 3.25 அளவில் ஒரு துண்டைப் போட்டு, நாலுக்கு முன் எடுத்துவிடுங்கள். தேத்தண்ணிக் கடையில் நிற்கும் நேரம் உடம்பில் நிக்கோட்டின் இருக்கும், கை சிகரெட்டைத் தேடுவது குறையும்.

எந்த அளவு வாங்குவது? காலையில் எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. நடைமுறையில் காணும் பெரிய பிழை குறைவாகப் போடுவது. நாளுக்கு இரண்டு மூன்று துண்டு போட்டுவிட்டுப் பயனில்லை என்பது, காய்ச்சலுக்கு அரைக் குளிசை விழுங்கியதுபோலத்தான். முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது 9 துண்டு. 7 முதல் 9ஆம் வாரம் வரை இரண்டு முதல் நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று. 10 முதல் 12ஆம் வாரம் வரை நாலு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. எந்த நாளும் 24ஐத் தாண்டக்கூடாது. பொய்ப்பல் கட்டியவர்களுக்கும் தாடை மூட்டு நோ உள்ளவர்களுக்கும் சுவிங்கம் ஒத்துவராது.

அவர்களுக்கு உகந்தது தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பிளாஸ்டர். 24 மணித்தியால வகை 21, 14, 7 மில்லிகிராம் என்று வரும். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர் 21இல் 6 வாரம், 14இல் 2 வாரம், 7இல் 2 வாரம் என்று இறங்குவார். இரவில் கனவு தொல்லை கொடுத்தால் படுக்குமுன் கழற்றிவிட்டுக் காலையில் புதிதாக ஒட்டலாம். கொழும்பின் புழுக்கத்தில் இதற்கு எதிரி வியர்வை. குளித்தவுடன் பவுடர், எண்ணெய், கிறீம் எதுவும் பூசாமல், நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு, மயிர் இல்லாத மேற்கையிலோ நெஞ்சிலோ ஒட்டி, உள்ளங்கையால் 10 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். ஒரே இடத்தில் தினமும் ஒட்டினால் தோல் சிவந்து கடிக்கும். ஒரு வாரத்துக்கு இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிளாஸ்டர் நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிக்கோட்டினைத் தரும், ஆனால் திடீரென்று எழும் ஆசையைப் பிடிக்காது. சுவிங்கம் அதைப் பிடிக்கும். காலையில் பிளாஸ்டர், தேவைப்படும்போது 2 மில்லிகிராம் சுவிங்கம் என்று இரண்டையும் சேர்த்துப் பாவிப்பது ஒன்றை மட்டும் பாவிப்பதைவிடக் கூடிய பலன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிறையப் புகைத்தவருக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களும் முதலில் வைத்தியரோடு கதைக்க வேண்டும்.

இடையில் ஒரு சிகரெட் புகைத்துவிட்டால் பலர் பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். வேண்டாம். அன்றைக்கே தொடருங்கள், கையை விட்டுப்போனது அந்த ஒரு சிகரெட் மட்டும்தான்.

மாற்றுக்கென்று வெற்றிலை பாக்குக்குப் போவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இலத்திரனியல் சிகரெட்டை விற்பது இலங்கையில் 2016 முதல் தடை. களவாக வருவதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

பலருக்கும் யாரும் சொல்லாத விசயம் ஒன்று. புகையில் உள்ள சில பொருட்கள் ஈரலை வேகமாக வேலைசெய்ய வைக்கும். புகைத்தலை நிறுத்தியதும் அந்த வேகம் தணிகிறது. அதே அளவு தேத்தண்ணியும் கோப்பியும் குடித்தால் கஃபீன் உடம்பில் கூடுதலாகத் தங்கி, படபடப்பும் நித்திரையின்மையும் வரும்; அதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். தேத்தண்ணியையும் கோப்பியையும் முதல் வாரத்திலேயே பாதியாகக் குறையுங்கள். இழுப்புக்குத் தியோபிலின் குளிசை எடுப்பவர்களும், மனநோய்க்கு ஒலன்சபின், குளோசபின் எடுப்பவர்களும் நிறுத்தும் திகதியை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

தவிப்பு முதல் சில நாட்களில்தான் உச்சம். இரண்டு முதல் நாலு வாரத்தில் தணியும். கதைத்து ஆலோசனை கேட்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கம் இருக்கிறது. மருந்தோடு ஆலோசனையும் சேரும்போதுதான் பலன் அதிகம் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே தொடங்குங்கள்.

எல்லாப் பார்மசியிலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதலில் அழைத்து, சுவிங்கம் இருக்கிறதா, எந்த மில்லிகிராம், காலாவதித் திகதி என்ன என்று கேளுங்கள். நாளுக்குப் பத்துத் துண்டு என்று வைத்தால் முதல் வாரத்துக்கு 70 வேண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைக்காமல், ஒரு அட்டையைச் சேர்ட் பொக்கற்றில், சிகரெட் பெட்டி இருந்த இடத்தில், வைத்துக்கொள்ளுங்கள்.