உயர்த்திக் கட்டிய பழைய ரேங்ளர்: எந்தப் பாகத்துக்குச் செலவழிப்பது?

அமெரிக்காவில் பழைய ஜீப் ரேங்ளர் தேடுகிறவர்களின் கண்ணில் அதிகம் படுவது 2007 முதல் 2018 வரை வந்த ஜேகே தலைமுறை. முந்தைய உரிமையாளர் அதை 3 அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் மாட்டி, ஆசை தீர்ந்ததும் விற்றிருப்பார். வாங்கியவர் கைக்கு வருவது சொன்ன பேச்சுக் கேட்காத ஸ்டீயரிங். அதைச் சரிசெய்ய ஏகப்பட்ட பாகங்கள் விற்கின்றன. கோளாறு எது என்று பிரித்தறியாமல் வாங்கினால் எல்லாமே வீண்.

மணிக்கு 50 மைல் வாக்கில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் உதறுகின்றனவா? பலர் உடனே கனமான ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் பாகம்) வாங்குகிறார்கள். அது உதறலைக் கொஞ்ச காலம் அமுக்கி வைக்கும். உள்ளே இருக்கும் தளர்ச்சி வளர்ந்துகொண்டே போகும். அந்தப் பணம் பான்ஹார்டு ராடு பக்கம், அதாவது ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சட்டகத்தோடு பிடிக்கும் தண்டின் பக்கம், போக வேண்டும். ஜேகேயில் அதன் 14 மில்லிமீட்டர் போல்ட், தொழிற்சாலையிலிருந்தே தன்னைவிடச் சற்று அகலமான துளையில்தான் உட்கார்ந்திருக்கிறது. தளர்ந்தபடியே ஓட்டினால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும்.

சோதிப்பது எளிது. சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் வெட்டி ஆட்டட்டும். இன்னொருவர் கீழே எட்டிப் பார்க்கட்டும். ராடின் முனைகளிலும், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்டுகளிலும் தளர்ச்சி இருந்தால் கண்ணுக்கே தெரியும். சக்கரம் திரும்ப உதவும் மூட்டான பால் ஜாயின்டை மட்டும் சக்கரத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். துளை தேயாதிருந்தால் 9/16 அங்குல போல்ட் போட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே 125 அடி-பவுண்டு முறுக்கினால் போதும். தேய்ந்திருந்தால் வெல்டிங் வேலை.

உதறல் இல்லை, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாய்கிறது என்றால் கதை வேறு. உயர்த்தும்போது, ஆக்ஸிலைச் சட்டகத்தோடு நீளவாக்கில் இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்கள் செங்குத்தாகச் சாய்ந்து, ஆக்ஸிலை முன்னோக்கித் திருப்பிவிடுகின்றன. 4 டிகிரிக்குச் சற்று மேலிருந்த கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைகிறது. ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வர மறுக்கிறது. இங்கேதான் உண்மையான போட்டி. நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம்கள் கேஸ்டரை மீட்டுத் தரும், அலைன்மென்ட் தாளில் எண் அழகாக வரும். ஆனால் ஆர்மின் சாய்வு அப்படியே இருப்பதால் ஒவ்வொரு குழியும் இடுப்பில் இறங்கும். ஆர்ம்களின் சட்டகப் பக்கப் பிடிமானத்தைக் கீழிறக்கும் பிராக்கெட்டுகள் சாய்வையும் கேஸ்டரையும் ஒருசேரத் திருத்துகின்றன. குறை, அவை அடியில் தொங்கிப் பாறையில் உரசும். யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளில் ஏறுகிறவர் ஆர்ம் வாங்கட்டும். வாரம் முழுவதும் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை மண்பாதை என்றால் பிராக்கெட்தான் என் தேர்வு. எதுவானாலும் எண்ணைத் துரத்த வேண்டாம்: கேஸ்டர் கூடக்கூட முன் டிரைவ் ஷாஃப்டின் கோணம் மோசமாகும், அதன் ரப்பர் உறை கிழியும்.

குழியில் விழும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தால், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் பான்ஹார்டு ராடும் இணையாக இல்லை என்று பொருள். தாழ்ந்த பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து டிராக் லிங்க்கை அசைக்கும் கை) மலிவு. ஆனால் அதை மட்டும் மாற்றினால், இணையாக இருந்ததும் கெடும். டிராக் லிங்க்கை, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளின் மேல்பக்கம் மாற்றி, ஆக்ஸிலில் ராடின் பிடிமானத்தையும் உயர்த்துவது நல்ல வேலை. மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்த உயரத்தில் அது பெரும்பாலும் தேவைப்படாது.

யாரும் விளம்பரம் செய்யாத வழியும் உண்டு: 2 அங்குல ஸ்பிரிங்குக்கு இறங்கி, டயரையும் அதற்கேற்பக் குறைப்பது. மேலே சொன்ன கோணத் தகராறுகளில் பாதி அதிலேயே அடங்கிவிடும். உயரம் மாறினால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும், ஸ்டீயரிங்கின் நடுவும் தவறும். ஸ்டீயரிங்கின் நடுவை டிராக் லிங்க்கின் அட்ஜஸ்டரில் திருகி நேராக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நேர்சாலையிலேயே வண்டி திரும்புகிறது என்று நினைத்து, வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பான இஎஸ்பி தலையிடும்.