பெகுவில் மூன்று வாரம்: தம்பியின் மூச்சும் ஒரு ஆக்சிஜன் உருளையும்

கடந்த மார்கழியில் மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து பர்மாவிலுள்ள பெகுவுக்குப் போயிருந்தேன். என் சித்தப்பா மகன் வைகாசியில், மழை பிடிப்பதற்கு முன் கூரைத் தகரத்தை மாற்றிவிடலாம் என்று ஏறி, சறுக்கி விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் ஐந்தாம் மட்டத்தில் அடிபட்டவன். ஐந்து வாரம் வெண்டிலேட்டரில் இருந்து, தொண்டையில் போட்ட துளையும் மூடிய பிறகு, ஆவணியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தான். சிங்கப்பூரில் வார்டு நர்ஸாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால், ஊரில் கிடைக்கும் சேவைகளை அக்காவாகவும் நர்ஸாகவும் பார்த்தேன். இதே நிலையில் உறவினரை வைத்திருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, வாசல் நிலையில் சாய்த்து வைத்து, கழுத்தில் செவ்வந்திச் சரம் சுற்றியிருந்த ஆளுயர ஆக்சிஜன் உருளை. தெரு முனையிலுள்ள பரஹித சங்கம் என்ற தொண்டு அமைப்பினர் இலவசமாகக் கொடுத்தது. 2021 ஜூலையில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ரங்கூனில் மக்கள் வெற்று உருளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதை மறந்தவர் இங்கே யாருமில்லை. மூச்சுத் திணறல் என்றால் உருளை என்பது அதன் பிறகு ஊரின் மனத்தில் பதிந்துவிட்டது. கேட்ட ஒரு மணி நேரத்தில் சைக்கார் என்னும் மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஏற்றி வந்து, குழாயும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் அந்த இளைஞர்களின் சேவையில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தம்பிக்கு வேண்டியிருந்தது அதுவல்ல.

அவன் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. அதை இயக்கும் துருத்திதான் தளர்ந்துவிட்டது. மூச்சை இழுக்கும் முதன்மைத் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் மட்டங்களிலிருந்து கிளம்புகிறது. மூன்றுக்கு மேலே முழுமையாக அறுபட்டவர் பெரும்பாலும் இயந்திரத்தையே நம்பியிருக்க வேண்டும். ஐந்தில் அடிபட்டவருக்கு உதரவிதானம் ஓரளவு மிஞ்சும். விலா இடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலிழந்துவிடும். அத்தகையவருக்கு இரவெல்லாம் ஆக்சிஜன் கொடுத்தால், விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டி வீட்டாரைச் சமாதானப்படுத்திவிடும். உள்ளே கரியமில வாயு வெளியேறாமல் தேங்கிக்கொண்டிருப்பதை அது காட்டாது. தம்பிக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். சித்தி அதை மாத்திரையின் அசதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நானாக உருளையை மூடவில்லை. ஐம்பது மைல் தள்ளியிருக்கும் ரங்கூனுக்கு வாடகை வண்டியில் படுக்க வைத்து அழைத்துப்போய், தனியார் மருத்துவமனை ஒன்றில் தமனி இரத்தம் எடுத்துப் பார்த்தோம். கரியமில வாயு கூடுதலாகத்தான் இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது மட்டும் உருளை, இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் பைபாப் கருவி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். முதலில் சிகிச்சை தந்த அரசு மருத்துவமனையைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. உயிரைக் காப்பாற்றிய கைகள் அவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துச் சீட்டைத் தந்தார்களே தவிர, அவனை எப்படி இருமச் செய்வது என்று சித்திக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இத்தகையவர்களைப் பிற்பாடு கொண்டுபோகும் காரணங்களில் முதன்மையான ஒன்று நிமோனியா.

அடிபட்ட முதல் வாரத்தில், இந்த மட்டத்துக் காயத்தில், ஒருவர் முழு மூச்சில் இழுத்து விடக்கூடிய காற்று வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மூன்று மாதத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாவது பலரிடம் காணப்படுவது. தண்டுவட வீக்கம் வற்றுகிறது. கழுத்துத் தசைகள் வலுப்பெறுகின்றன. தளர்ந்து கிடந்த விலாத் தசைகள் இறுகுவதால், ஒவ்வொரு இழுப்புக்கும் மார்பு உள்ளே குழிவது குறைகிறது. தண்டுவடத்துக்குள்ளேயே மாற்றுவழியும் உண்டு. 1895இல் போர்ட்டர் என்ற ஆய்வாளர், விலங்குகளில் தண்டுவடத்தின் ஒரு பாதியை வெட்டியதால் உதரவிதானத்தின் அந்தப் பக்கம் நின்றுபோன பிறகு, மறுபக்க நரம்பை வெட்டியதும் நின்ற பக்கம் மீண்டும் அசைந்ததைக் கண்டார். உறங்கிக் கிடந்த குறுக்கு இழைகள் விழித்துக்கொள்வதே காரணம். அந்த இழைகளை மனிதரில் எப்படி எழுப்புவது என்பதில்தான் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. பெகுவில் எங்களுக்குக் கிடைத்தது கையும் பொறுமையும்தான்.

அந்தக் கை, ரங்கூனின் இன்செயின் பகுதியிலுள்ள மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பர்மியப் பெண்ணுடையது. வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட். வந்த முதல் நாள், நாலு தலையணை அடுக்கி நிமிர்த்தி வைத்திருந்த தம்பியைத் தட்டையாகப் படுக்க வைக்கச் சொன்னார். "மூச்சு முட்டுகிறவனைப் படுக்க வைக்கலாமா சயாமா?" என்று, ஆசிரியையை அழைப்பதுபோல் மரியாதையாக அழைத்து, சித்தி பதறினார். பிசியோதெரபிஸ்ட் அவனை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்: உட்கார்ந்தபோது பன்னிரண்டு வரை வந்தவன், படுத்ததும் பதினாறு எண்ணினான். வயிற்றுத் தசை தளர்ந்தவருக்கு உட்கார்ந்தால் குடல் கீழே சரிந்து, உதரவிதானம் தட்டையாகி, இழுக்க இடமில்லாமல் போகிறது. படுத்தால் அதே குடல் அதை மேலே தள்ளிக்கொடுக்கிறது. பிறகு சித்தியின் பழைய பருத்தித் தமெய்னை (பர்மியப் பெண்கள் இடுப்பில் உடுத்தும் துணி) நாலாக மடித்து, வயிற்றில் இறுக்கிக் கட்டி உட்கார வைத்தார். பதினைந்து. சித்தி அன்றைக்கே தையற்காரரிடம் போய் இரண்டு பட்டைகள் தைத்து வாங்கி வந்தார்.

இருமலுக்கு இரண்டு பேர் வேண்டும். மூச்சு கொடுக்கும் காற்றுப் பையைக் கையால் அமுக்கி, மூச்சை வெளியே விடாமல் இரண்டு மூன்று தடவை காற்றை உள்ளே அடுக்கியதும், அவன் இரும முயலும் அதே நொடியில், தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து உள்ளேயும் மேலேயும் ஒரு தள்ளு. நொடி தவறினால் பயனில்லை. சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. சித்தியின் கைக்கு அது வர நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலையில் வந்து விழுந்த சளியைப் பார்த்து, "இத்தனை நாள் இதுவா உள்ளே கிடந்தது!" என்று அவர் வாய்விட்டு அழுதார்.

பைபாப் வாங்குவதைவிட அதை ஓட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. நான் இருந்த நாட்களில் எட்டு மணி நேரம் மின்சாரம் வந்தால் நல்ல நாள். கரண்ட் வந்ததும் தெருவே "மீ லாபீ!" என்று கூவும், அந்தக் கூவலில் முதலில் மின்கலத்தைச் செருக ஓடுவது எங்கள் வீடாகத்தான் இருந்தது. சூரியத் தகடும் இன்வெர்ட்டரும் பொருத்திய பிறகே இரவு முழுவதும் கருவி ஓடியது. செலவில் பாதிக்கு மேல் இதற்கே போயிற்று. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் கருவிக்கு முன் மின்கலத்தைக் கணக்கில் வையுங்கள்.

பத்து நாளில் காலைத் தலைவலி நின்றது. நான் புறப்படுவதற்கு முதல் நாள், பட்டை கட்டி உட்கார்ந்தபடி தம்பி பத்தொன்பது வரை எண்ணினான். இருபதுக்கு உதடு மட்டும் அசைந்தது. சளிக் காய்ச்சல் வரும் நாளுக்காகச் சிறிய உருளை ஒன்றைக் கேட்டு வைத்துக்கொண்டு, பெரியதைத் திருப்பியனுப்பினோம். தூக்க வந்த சங்கத்துப் பையன், "அண்ணனுக்குத் தேவைப்படவில்லையா?" என்று தயங்கிக் கேட்டான். தம்பி படுத்தபடியே, வயிற்றைத் தள்ளும்படி சித்தியிடம் கண்ணைக் காட்டி, அவனுக்கு இருமிக் காட்டினான்.